மேல்மண்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மூன்று கியூஆர் அட்டைகள், இரண்டு பேசும் பெட்டிகள், ஒரு பாய்லர். இவற்றில் டீ போடுவது பாய்லர் மட்டும்தான். மாத வாடகை கேட்காததும் அதுதான்.

ஷிப்ட் முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி பன்னிரண்டு ரூபாய் அனுப்பினால் தெருமுனை வரை கேட்கும்படி பெட்டி கத்துகிறது. அமிதாப் பச்சன் குரலிலேயே கத்தும் பெட்டிகூட நாட்டில் வந்துவிட்டது. அதே பெட்டி, மாதம் பிறந்ததும் தன் வாடகையாக நூற்றுச் சொச்சத்தைக் கடைக்கார அக்காவின் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்போது மட்டும் மூச்சு விடுவதில்லை. வரவை ஊருக்கே சொல்லும், செலவை வீட்டுக்குக்கூடச் சொல்லாது. இப்படி ஒரு கணக்குப்பிள்ளையை அந்தக் காலத்துப் பண்ணையார்கள்கூட வைத்திருந்ததில்லை.

யுபிஐயில் பணம் வாங்கும் வியாபாரியிடம் ஒரு பைசா கட்டணம் பிடிக்கக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் அது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வங்கியும் செயலியும் தர்மத்துக்கா வேலை செய்யும்? அதனால் அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25க்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். சிறு வியாபாரிக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம். டீக்கிளாஸ் ஆறுவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு ரூபாய் டீக்கு இரண்டு பைசாகூடத் தேறவில்லை. அந்த இரண்டு பைசாவை இந்தப் பக்க வங்கி, அந்தப் பக்க வங்கி, செயலி என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வருமானத்துக்காகவா பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, வேகாத வெயிலில் பையனை அனுப்பி, அக்கா கடையில் அட்டையை இலவசமாக ஒட்டுகிறார்கள்?

நெய்வேலிக்காரனுக்கு இதற்குப் பதில் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் இங்கே தண்ணீருக்காகத் தன் நிலத்தில் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிலக்கரிக் கம்பெனி பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். நடுவில் நாலு வருஷம் அள்ளியதெல்லாம் மேல்மண். மேல்மண்ணை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அதை அள்ளாமல் அடியில் இருப்பதை எடுக்கவும் முடியாது. ஊர், வீடு, கிணறு, முந்திரித் தோப்பு எல்லாம் இருந்தது அந்த மேல்மண்ணில்தான்.

இலவச அட்டையும் அப்படி மேல்மண் அள்ளும் இயந்திரம்தான். இரண்டு பைசாவுக்காக யாரும் வரவில்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, சம்பள வாரத்தில் எவ்வளவு ஓடுகிறது, மழை பிடித்துக்கொண்டால் எவ்வளவு விழுகிறது, எந்த மாதம் கையைக் கடிக்கிறது என்று கடைக்காரிக்கே கோர்வையாகத் தெரியாத கணக்கு அங்கே ஒருவனுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. கையைக் கடிக்கிற மாதம் பார்த்து செல்போனில் மணி அடிக்கும்: ‘உங்களுக்குக் கடன் தயார்.’ வசூல் நாள்தோறும், வருகிற பணத்திலிருந்தே.

இதற்கு நம் ஊரில் தண்டல் என்று பெயர். 2003இல் தமிழ்நாட்டில் வந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றியது. கூண்டில் நிற்பவன் மாலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு பைக்கில் வருகிற ஆள். அவனிடமாவது ‘இன்னிக்கு யாவாரம் இல்ல, நாளைக்கு வாப்பா’ என்று சொல்லலாம், திட்டிவிட்டாவது போவான். செயலித் தண்டலிடம் எந்த மூஞ்சியைப் பார்த்துக் கெஞ்சுவது? அது முறையான உரிமம் வாங்கிய தண்டல். சிரித்த முகப் படம் போட்டு வரும்.

கடனே வாங்காவிட்டாலும் தப்ப முடியாது. முன்பின் தெரியாத ஒருவன் டீ குடித்துவிட்டு இருபத்து நாலு ரூபாய் அனுப்பியிருப்பான். அந்தப் பணம் எங்கோ திருடப்பட்டது என்று வேறொரு மாநிலத்து சைபர் காவல் நிலையத்தில் புகார் பதிவாகும். மறுநாள் கடைக்காரியின் கணக்கு முடக்கம். இருபத்து நாலு ரூபாய்க்கு மட்டுமல்ல, மொத்தக் கணக்குக்கும். இந்தக் கொடுமை தெற்கே எத்தனையோ சிறு வியாபாரிகளுக்கு நடந்து, வழக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டீ ஆற்றுவதற்கு முன் வாடிக்கையாளரின் ஜாதகம் பார்க்க வேண்டுமோ என்னவோ.

வரிக்காரர்களின் கண்ணும் இதே கணக்கின் மேல்தான். கர்நாடகத்தில் 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்து வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்பவரிடம் 29 லட்சம் கேட்டார்கள். காய்கறிக்கு வரியே கிடையாது என்பது வேறு விஷயம். பெங்களூரில் கடைக்காரர்கள் அட்டைகளைக் கழற்றி எறிந்து ‘காசு மட்டும்’ என்று எழுதி மாட்டிய பிறகுதான் மாநில அரசு பின்வாங்கியது. டிஜிட்டல் இந்தியாவில் கேட்கும்படி பேச ஒரு துண்டு அட்டையும் மார்க்கர் பேனாவும் தேவைப்பட்டன.

சரி, பணமாவது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா? 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ படுத்தது. காரணம், சில வங்கிகள் ‘பணம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்ததா’ என்று ஒரே கேள்வியை ஓயாமல் கேட்டதில் மூச்சுத் திணறிவிட்டதாம். வங்கிக்கே அந்தச் சந்தேகம் என்றால் பாய்லர் பக்கத்தில் நிற்பவளுக்கு எப்படி இருக்கும்?

வியாபாரிக்கான சேவை என்று இதை உருவாக்கியவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கணவர் பெயரில் கணக்கு, கல்லாவில் மனைவி. பெட்டி கெட்டால், பணம் நடுவழியில் நின்றால், அவள் யாரைக் கூப்பிடுவது? தமிழ் தெரிந்த மனிதக் குரல் ஒன்றுகூட உங்களிடம் இல்லையா? ‘பன்னிரண்டு ரூபாய் வரவு’ என்று தமிழில் சொல்லப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, ‘என் பணம் எங்கே’ என்று அவள் தமிழில் கேட்பது மட்டும் புரியாமல் போகிறது. புகார் எண் தருகிறீர்கள். அதைப் பாய்லரில் போட்டு எரிக்கலாம் என்றால் காகிதமாகக்கூட இல்லை.

கேட்டால், ‘நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்பார்கள். இந்த வாதம் எங்களுக்குப் புதிதில்லை. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவி கிராமத்தில் பச்சைப் பயிருக்கு நடுவே இயந்திரம் இறங்கியபோதும், நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். விதைக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, கதிர் பிடிக்கும் நேரத்தில் பத்திரத்தை நீட்டும் நியாயம்.

போன வாரம் கம்பெனிப் பையன் வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, சட்டை நனைந்திருந்தது. பாவம், அவனும் யாருக்கோ ஒப்பந்தத் தொழிலாளி. அக்காவின் போனை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க கடை டேட்டா சூப்பரா இருக்கு. உடனே லோன் கிடைக்கும்” என்றான்.

அக்கா அவனுக்கு ஒரு டீயை ஆற்றி நீட்டினாள்.

“குடி தம்பி, காசு வேணாம். எங்க மாமனார் நெலத்துலயும் கொழாய எறக்கிப் பாத்துட்டு, சூப்பரா இருக்குன்னுதான் சொன்னாங்க.”