மானியம் கேட்காத பேய்

ஆயிரம் கோடிப் படங்களை உடனே நிறுத்திவிடலாம். 1978லேயே விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’யில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைத்தது. சிலிண்டர் மானியம் கேட்காத ஒரே இல்லத்தரசி!

இராம நாராயணன் படத்து நாகமும் தங்கம்தான். கேரவன் கேட்காது, இசை வெளியீட்டு விழாவில் அரசியல் பேசாது. திரைப்படக் கல்லூரியில் பேராசிரியர் பதவியே தரலாம். பல் பிடுங்கிய பின் வேறென்ன தகுதி வேண்டும்?

ஆடி ஞாயிறு, பெரியபாளையம். வேப்பஞ்சேலைக் கூட்டத்துக்கு நடுவே, தரிசன வரிசையில் ஒரு குடும்பம் செல்போனில் மீனா அம்மனாக நடித்த ‘பாளையத்து அம்மன்’ பார்க்கிறது. 2000ஆம் ஆண்டு கிராஃபிக்ஸ் சூலம் பறக்க, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவழியாகச் சன்னதி வந்தது. பவானி அம்மனை உற்றுப் பார்த்த பேத்தி கேட்டாள்: “ஆயா, மீனா எப்ப வருவாங்க?”

“உஷ், இடைவேளைக்கு அப்புறம்டீ.”