குதிரைக்கு ஏது தீர்க்கதரிசனம்?

(ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் தொடரில் 14 பாகங்கள். எல்லாப் பாகத்திலும் முதல் அத்தியாயம் ஒரு காற்று கிளம்பி வருவதோடுதான் தொடங்கும். முதல் பாகத்தில் அந்தக் காற்றை எதிர்த்து ஆப்பிள் மதுப் பீப்பாய் வண்டியை இழுத்து வந்தவள் பெலா, சடைமுடிப் பழுப்புக் குதிரை. கடைசிப் போர் ஓய்ந்த களத்தில், செத்துக் கிடக்கும் பெலாவின் ஆவியைக் காற்று சந்திக்கிறது.)

காற்று: நானே ஊழிகளின் மூச்சு! மலை முகட்டில் பிறந்து, வனங்களைத் தடவி, மன்னர்களின் கொடிகளை அசைத்து…

பெலா: போதும்யா. பதினாலு தடவை கேட்டாச்சு. வந்த சோலியைச் சொல்லு.

காற்று: யார் நீ? என் முன்னுரையை இடைமறிக்கும் துணிவு உனக்கு எப்படி வந்தது?

பெலா: மறந்துட்டியா? 1990-ல மொத பாகம் வந்தப்ப நீ என் மூஞ்சியிலதான் வந்து அடிச்ச. நான் வண்டி இழுத்தேன். பக்கத்துல ஒரு பய மேலங்கியைப் புடிச்சுக்கிட்டு நடந்து வந்தான்.

காற்று: பயலா! அவன் ராண்ட் அல்தோர்! தீர்க்கதரிசனங்கள் சுட்டிய டிராகன்!

பெலா: அப்போ ஆடு மேய்ச்சிட்டிருந்தான். ஆனா எனக்கு அன்னைக்கே சந்தேகம். ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத உசரம், சாம்பல் கண்ணு, செம்பட்டை முடி. வீட்டுல அப்பன் ஒளிச்சு வெச்ச நாரைச் சின்ன வாள். இத்தனையும் சேர்ந்து வாய்ச்ச ஒருத்தன் ஆடு மேய்ச்சே காலத்தை ஓட்டுவானா? தத்துப்புள்ளைன்னு எனக்கே வாடை புடிபட்டுது. தான்தான் டிராகன்னு அவன் ஒத்துக்கத்தான் மூணு பாகம் ஆச்சு.

காற்று: விதியை ஏற்பது அத்தனை எளிதோ?

பெலா: மூணாம் பாகத்துக்குத் தலைப்பே ‘மறுபிறவி எடுத்த டிராகன்’. அட்டையில எழுதின பொறவும் யோசிச்சான். சரி, உள்ளயாவது இருப்பான்னு பார்த்தா, ஏதோ நாலு பக்கத்துல தலையைக் காட்டிட்டுப் போயிட்டான்.

காற்று: நாயகன் மறைவது காவிய மரபு. ஏக்கம் பிறக்கும்.

பெலா: அப்போ ராண்டோட கூட்டாளி மாட்னு ஒருத்தன், அவனைப் பத்திச் சொல்லு. ஏழாம் பாக முடிவுல அவன் மேல செவுரு விழுந்துச்சு. அது 1996. எட்டாம் பாகத்துல ஆளே இல்ல. ஒன்பதுல, 2000-ல வந்து “கால் வலிக்குது”ங்கறான். படிச்சவனுக்கு நாலு வருஷமா நெஞ்சுவலி! அவனாச்சும் பரவாயில்ல. இன்னொரு கூட்டாளி பெரினோட பொண்டாட்டி ஃபைலைக் கடத்தினது 1998-ல. மீட்டது 2005-ல. கதைக்குள்ள போனது ஒரே ஒரு குளிர்காலம்.

காற்று: நீ கணக்குப் பார்க்கிறாய். காவியத்தைக் காவியமாகப் பார்.

பெலா: வண்டி இழுக்கறவளுக்குப் பாரம்தான்யா கணக்கு. புத்தகம் வந்து முடிய 23 வருஷம். கதைக்குள்ள ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. மிச்சமெல்லாம் எதுல போச்சு? நைனீவ்னு ஒருத்தி தன் ஜடையைப் புடிச்சு இழுக்கறதுல! அத்தனை தடவை என் வாலை இழுத்திருந்தா கையோட வந்திருக்கும். மத்த பொம்பளைங்க பாவாடையை நீவி விட்டாங்க. பயலுக மூணு பேரும் “எனக்குத்தான் பொண்ணுங்க மனசு புரியல, மத்த ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க”ன்னு ஆளுக்கொரு தேசத்துல நின்னு பெருமூச்சு விட்டானுங்க.

காற்று: ஆனால் ஒன்பதாம் பாகத்தின் முடிவு! ஆண்களின் மந்திர சக்தியில் படிந்த நஞ்சை ராண்ட் கழுவிய கணம்! சொல், எங்கே குறை?

பெலா: அதுல குறையே இல்ல, எனக்கே மயிர் சிலிர்த்துச்சு. அடுத்து 2003-ல பத்தாம் பாகம். அதே நேரத்துல மத்தவங்க எல்லாம் எங்க நின்னு “அந்தப் பக்கம் என்னமோ நடக்குதே”ன்னு திரும்பிப் பார்த்தாங்கங்கறதுக்கு ஏகப்பட்ட பக்கம். கல்யாணத்துக்கு வராதவங்க வீட்டுக்கெல்லாம் போய், தாலி கட்டின நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்கன்னு விசாரிச்ச மாதிரி.

காற்று: உலகின் விரிவைக் காட்டினார் ஆசிரியர்!

பெலா: உன்னை மட்டும் விட்டுடுவேனா? குளிர்காலம் வர வேண்டிய நேரத்துல வெயில் கொளுத்துச்சே, அப்போ எங்க போனே? உன்னைச் சரிபண்ண ஒரு கிண்ணம் வேணும்னு ஆறாம் பாகத்துல தேடக் கிளம்பி, எட்டாம் பாகத்துலதான் வேலை முடிஞ்சுது.

காற்று: (தணிந்த குரலில்) அது… இருட்டரசனின் சதி.

பெலா: அந்த இருட்டரசன் ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. மொத பாகத்துல செத்த ரெண்டு பேரை ஆறாம் பாகத்துல புது உடம்போட அனுப்பி வெச்சான். நம்ம பக்கமும் சளைச்சதில்ல. பயலுகளுக்கு வழிகாட்டின மொய்ரேன் அம்மா 1993-ல மாயவாசலுக்குள்ள விழுந்தாங்க. எல்லாரும் அழுதாங்க. 2010-ல திரும்பி வந்தாங்க. அழுத புள்ளைங்களுக்கு அதுக்குள்ள கல்யாணமாகிப் புள்ளையும் பொறந்திருக்கும்.

காற்று: காலச் சக்கரத்தில் எவரும் அழிவதில்லை, குதிரையே.

பெலா: எழுதினவர் போயிட்டாரேய்யா.

(காற்று அடங்கியது.)

பெலா: 2007-ல. எவ்வளவு தடியானாலும் பன்னிரண்டாம் பாகத்தோட முடிச்சுடுவேன்னு சொல்லியிருந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வெச்சு பிராண்டன் சாண்டர்சன் எழுத உக்காந்தார். அந்த ஒண்ணும் மூணாச்சு. குத்தமா சொல்லல. பாரம் அப்படி. இன்னொருத்தர் ஏத்தின வண்டியை இழுத்து ஊர் சேர்க்கறது என்னன்னு எனக்குத் தெரியும். 2013-ல கொண்டுவந்து நிறுத்திட்டார்.

காற்று: நீ எப்படி இறந்தாய், பெலா?

பெலா: பேர் சொல்லிக் கூப்பிடுறியே, பரவாயில்ல. ஓல்வர்னு ஒரு சின்னப் பயலை முதுகுல ஏத்திக்கிட்டு ஓடினேன். அவன்கிட்ட மாவீரர்களை எழுப்பற கொம்பு. அம்பு பாஞ்சு விழுந்துட்டேன். அவன் கொம்பை ஊதினான். ஊழி ஊழியா செத்தவங்கெல்லாம் எந்திரிச்சு வந்தாங்க. பக்கத்துல விழுந்த என்னை யாரும் எழுப்பல.

காற்று: ராண்ட்…?

பெலா: அவன் உடம்பை ஊர் கூடி எரிச்சுது. அவனோ எதிரியோட உடம்புக்குள்ள பூந்துக்கிட்டு, புகைக்குழாயைப் பத்தவெச்சுக்கிட்டுப் போயிட்டான். நல்லா இருக்கட்டும், நான் பார்த்து வளர்ந்த புள்ள.

காற்று: உனக்கு மட்டும் ஏன் இந்த அநீதி?

பெலா: அநீதி என்ன இதுல? தீர்க்கதரிசனத்துல பேர் இருக்கறவனுக்குக் கத்தி எறங்கினாலும் படிக்கறவன் பதறமாட்டான், இன்னும் இத்தனை பாகம் இருக்கேன்னு பக்கத்தைப் புரட்டுவான். குதிரைக்கு ஏது தீர்க்கதரிசனம்? என் மேல பட்ட அம்பை மட்டும் எல்லாரும் நம்பினாங்க. ஆயிரக்கணக்கான பேர் வந்துபோன கதையில எனக்காகவும் அழுதாங்கய்யா. அது போதும்.

(காற்று வாய் திறக்கவில்லை. மலை முகட்டையோ மன்னர் கொடியையோ சொல்லாமல், அவள் பிடரிமயிரை ஒருமுறை கோதிவிட்டு, வந்த வழியே போனது.)

பெலா: அட! மொதல்லயே இப்படி வீசியிருந்தா நாலு பாகம் மிச்சமாகியிருக்குமே!