எடுத்தேன் கவிழ்த்தேன் ஆசாமி

அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகமும் விளையாட்டு அட்டையும் விற்கிற கடை ஏதாவது ஒன்றில் வெள்ளிக்கிழமை இரவு நுழைந்து பாருங்கள். நீள மேஜைகளில் இருபது முப்பது பேர் எதிரெதிரே குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்க மாட்டார். கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு மேஜை மேஜையாக நின்று, அடுத்தவர் ஆட்டத்தை மேற்பார்வை செய்துகொண்டிருப்பார். நடுவர் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் போட்டியாளர்தான். ஐம்பது நிமிடச் சுற்றில் அவருடைய பங்கு ஒன்பதாவது நிமிடமே முடிந்துவிட்டது. ஜெயித்தாரா தோற்றாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் அவருக்கு ஒன்பது நிமிடம்தான் ஆகும்.

இவர்தான் சிவப்பு டெக் ஆசாமி. ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆடுகிற இடமெல்லாம் இவர் ஒருவர் இருப்பார். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணக்குப் படித்த மனிதர் உருவாக்கி, 1993-இல் கடைக்கு வந்த ஆட்டம் அது. இரண்டு பேர் மந்திரவாதிகளாகி மோதிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் இருபதும் கரைந்தால் ஜெயம். குறைந்தது 60 அட்டை கொண்ட கட்டை அவரவர் வீட்டிலேயே கட்டி எடுத்து வர வேண்டும். அதற்குத்தான் டெக் என்று பெயர். நில அட்டையைப் போட்டால் மனா கிடைக்கும், மனாவைக் கொடுத்தால் மந்திரம் பலிக்கும். மந்திரங்களுக்கு ஐந்து நிறம். நீலக்காரர்கள் நாம் எதைப் போட்டாலும் ‘அது செல்லாது’ என்பார்கள். பச்சைக்காரர்கள் பெரிய பெரிய மிருகங்களாக வளர்ப்பார்கள். சிவப்புக்காரருக்கு வளர்ப்பதற்கும் பொறுமையில்லை, தடுப்பதற்கும் பொறுமையில்லை. சிவப்புக்கு நிலம் என்றால் மலை. அதில் ஒன்றைப் போடுவார், கோப்ளினை ஏவிவிடுவார், கையிலிருக்கிற நெருப்பையெல்லாம் எதிராளி முகத்தில் கொட்டுவார். நாலாவது முறைக்குள் கதை முடிந்தால் முடிந்தது. முடியாவிட்டால் பெரும்பாலும் இவர் கதைதான் முடியும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். கடையில் பாதிப் பேருக்கு அந்த எண்ணம்தான். அவர்கள் யாரும் இவர் டெக் கட்டுகிற அழகைப் பார்த்ததில்லை.

ஒன்பது நிமிட ஆட்டத்துக்காக இவர் வாரக்கணக்கில் உட்காருவார். சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டை. வீட்டார் தட்டைக் கையில் ஏந்தியே சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். இவருக்கு அளவுகோல் ஒரே ஒரு அட்டை. 1993-இன் முதல் தொகுதியிலேயே வந்த ‘லைட்னிங் போல்ட்’. ஒரு மனா கொடுத்தால் மூன்று அடி. ஏழு போல்ட் என்றால் 21. எதிராளி போக ஒன்று மிச்சம். மலை மாதிரியான சாதாரண நிலத்தைத் தவிர ஒரே அட்டையில் நாலுக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், அதே வேலையை வேறு பெயரில் செய்யும் ‘லாவா ஸ்பைக்’, ‘ரிஃப்ட் போல்ட்’ போன்றவற்றையும் நாலு நாலாகச் சேர்த்துக்கொள்வார். இந்த அளவுகோலுக்கு உட்படாத எதுவும் உள்ளே வர முடியாது. புதுத் தொகுதியில் வந்த டிராகன் ஒன்றை நண்பர் ஆசையாகக் காட்டுவார். படம் கண்ணைப் பறிக்கும்.

“எத்தனை மனா?”

“ஆறு.”

“ஆறாவது நிலம் விழறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பேன்.”

அறுபதுக்கு மேல் ஒரு அட்டை வைக்கலாமே, சட்டம் தடுக்கவில்லையே என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடாதீர்கள். அறுபத்தொன்றாவது அட்டை என்பது போல்ட் கைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிற துரோகி. அதை வைத்திருப்பவர்களோடு இவர் பேசுவார், பழகுவார், ஆனால் மதிக்க மாட்டார்.

பெரிய பிரச்சினை மலை. இருபதா, பத்தொன்பதா? அறுபதில் இருபது மலை இருந்தால் முதலில் எடுக்கும் ஏழு அட்டையில் சராசரியாக 2.33 மலை வரும். பத்தொன்பது என்றால் 2.22. எட்டொன்பது ஆட்டத்துக்கு ஒரு மலை கூடும், அல்லது குறையும். இந்த வித்தியாசத்துக்காகத் திங்கட்கிழமை ஒரு மலையை எடுப்பார். புதன்கிழமை திரும்பச் செருகுவார். வியாழக்கிழமை இரவு கலைத்துக் கலைத்து ஏழேழாக எடுத்துப் பார்ப்பார். கையில் மலை ஒன்றுதான் வந்தால் ‘இருபது வேணும்’ என்பார். அடுத்த தடவை ஐந்து வந்தால் ‘பத்தொன்பதே ஜாஸ்தி’ என்பார். எதிரே ஆள் இல்லாமல் தனியாக ஆடிப் பார்ப்பதை இவர்கள் பாஷையில் கோல்ட்ஃபிஷ் பண்ணுவது என்பார்கள். தொட்டி மீன் திருப்பி அடிக்காது அல்லவா? அதனால் அதனிடம் இவர் தோற்றதே இல்லை. ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி, “யாரு ஜெயிச்சது?” என்று கேட்க, இவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் “நான்தான், மூணாவது முறையிலேயே” என்றாராம்.

உயிர்க் கணக்கில் இவருடைய கறார் இன்னும் ஒரு படி மேல். பல நிறம் ஆடுகிற எதிராளிகள், நிலத்தைத் தேடி எடுக்க ஒரு உயிர், எடுத்த நிலத்தை அந்த முறையே பயன்படுத்த இரண்டு உயிர் என்று தாங்களே கட்டுவார்கள். ஆக, வந்து உட்கார்ந்ததும் மூன்று மொய் எழுதிவிடுகிறார்கள். இவர் அதை மறுபேச்சில்லாமல் காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஒரு போல்ட் மிச்சம் என்று உள்ளுக்குள் பூரித்துப்போவார். ‘கோப்ளின் கைட்’ என்று ஒரு கோப்ளின், ஒரு மனா, வந்ததுமே இரண்டு அடி. அது தாக்கும்போதெல்லாம் எதிராளி தன் டெக்கின் மேல் அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். நிலமாக இருந்தால் சும்மாவே கைக்கு எடுத்துக்கொள்ளலாம். இப்படி எதிரிக்கு நிலம் தானம் செய்கிறதே என்று நமக்குப் பதறும். “எடுத்துக்கட்டும், அதைப் போடறதுக்கு முறை வேணும் இல்ல?” என்பார் இவர்.

சிப்ஸ் பாக்கெட்டோடு சுற்றும்போது யாராவது மாட்டினால், கேட்காமலே புராணம் தொடங்கிவிடும். ஆதி காண்டம் 1996, அட்லாண்டா. புரோ டூர் என்கிற பெரிய போட்டிக்கான தகுதிச் சுற்றுக்குப் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்பு டெக்கோடு வந்தார். ஒன்றுக்கும் உதவாது என்று எல்லாரும் ஒதுக்கிய ஓர்க்குகளும் குள்ளர்களும் அதில் இருந்தன. ஆனால் முதல் முறைக்கு ஒரு மனா, இரண்டாவதற்கு இரண்டு என்று கிடைத்த மனா எதுவும் வீணாகாமல் செலவாகிற மாதிரி அடுக்கப்பட்டிருந்தது. வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். பெயர் நிலைத்தது ஆடிய ஸ்லைக்கு. இந்த இடத்தில் இவர் பெருமூச்சு விடுவார். ஷ்னைடருக்காக விடுகிறார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். தன் பெயரிலும் ஒரு டெக் வழங்க வேண்டும் என்பதுதான் உள்விவகாரம்.

அடுத்தது 1998, லாஸ் ஏஞ்சலஸ் புரோ டூர். டேவிட் பிரைஸ் சிவப்பை வைத்தே கோப்பையைத் தூக்கினார். அந்தக் காலத்துச் சிவப்புக்காரர்களின் செல்லம் ‘ஜாக்கல் பப்’ என்கிற குட்டி. ஒரு மனாவுக்கு இரண்டு அடி அடிக்கும். அதற்கு விழுகிற அடி வளர்த்தவர் மேலும் விழும். கேட்டால், “அதை யாரு திரும்பி அடிக்கிற வரைக்கும் விடறது?” என்பார் நம் ஆசாமி. உத்தர காண்டம் 2006, ஹொனலூலு புரோ டூர் அரையிறுதி. கிரெய்க் ஜோன்ஸ் அடுத்த முறை சாகப்போகிறவர். தற்காப்பில் இறங்காமல், கையிலிருந்த கடைசி நெருப்பையும் ஒலிவியே ருயெல் முகத்தில் எறிந்து அவரை மூன்று உயிருக்கு இறக்கினார். பிறகு டெக்கின் மேல் அட்டையை எடுத்தார்: ‘லைட்னிங் ஹீலிக்ஸ்’, சரியாக மூன்று அடி. இதைச் சொல்லும்போது இவருக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். ஜோன்ஸ் இறுதிச் சுற்றில் தோற்றது புராணத்தில் வராது.

இவருக்கு ஜென்ம விரோதி, பக்கத்து மேஜை நீலக்காரர். அவருக்கு ஐம்பது நிமிடம் போதாது. ஒவ்வொரு அட்டைக்கும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசிப்பார். இவருடைய டெக்கை அவர் ‘மூளைக்கு வேலை இல்லாத டெக்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டார். தோல்வியைத் தாங்குகிற மனிதருக்கு இதைத் தாங்க முடியவில்லை. இதில் நான் சிவப்புக்காரர் கட்சி. எதிரே நிற்கிற மிருகத்தை எரிப்பதா, முகத்துக்கு விடுவதா என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவர் கணக்குப் போடுகிறார். ஒரு ஆட்டத்தில் தாக்க வேண்டியவர் யார், தாங்க வேண்டியவர் யார் என்று தெரியாமல் ஆடினால் தோல்விதான் என்று மைக் ஃப்ளோரஸ் 1999-இல் எழுதிய கட்டுரை அவருக்கு மனப்பாடம். நீலக்காரர் தப்பு செய்தால் சரிக்கட்டிக்கொள்ள இன்னும் இருபது முறை இருக்கிறது. இவருக்கு இருப்பதே நாலு. அதில் ஒரு போல்ட்டை இடம் மாற்றி விட்டால், எதிராளி இரண்டே உயிரோடு எழுந்து நின்று சிரிப்பார்.

அப்படித் தோற்ற நாட்களில் காரணம் எப்போதும் மலைதான். “மலையா வந்து கொட்டுச்சு” அல்லது “மலையே வரல.” ஜெயித்த நாளில் மலைகள் ஒழுங்காக வந்ததாக இதுவரை யாரிடமும் அவர் புகார் செய்ததில்லை. சிவப்பு மந்திரம் போடப் போட உயிர் ஏறுகிற ‘கோர் ஃபயர்வாக்கர்’ எதிரே வந்து நின்றால் மட்டும் மலையை விட்டுவிட்டு, அந்த அட்டையை அச்சடித்தவர்களைத் திட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிவப்புக்குச் சிவப்பு மோத வேண்டி வந்துவிட்டது. யார் முதலில் ஆடுவது என்று பகடையை உருட்டியபோதே பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. மற்ற மேஜைகளில் இன்னும் அட்டை கலைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி வந்த நடுவர், காலியான மேஜையைப் பார்த்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார்.

“மூணு ஆட்டமும் முடிஞ்சுது.”

எழுந்து போவார்கள் என்று பார்த்தேன். போகவில்லை. தோற்றவர் தன் டெக்கைக் கவிழ்த்துப் பரப்பி, “நீங்க எத்தனை மலை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். “பத்தொன்பது” என்றார் நம் ஆசாமி. “இருபது இல்லாம எப்படி?” என்றார் அவர். காகிதம் வந்தது, பேனா வந்தது. ஐம்பதாவது நிமிடம் நடுவர் நேரம் முடிந்தது என்று அறிவித்தார். நீலக்காரர்கூட எழுந்துவிட்டார். அடுத்த சுற்றுக்கு மேஜையைக் காலி செய்யச் சொல்லி நடுவர் பக்கத்தில் வந்து நின்றபோது, நம் ஆசாமி நிமிராமலே கையைக் காட்டினார்.

“இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. அவசரப்படுத்தினா எப்படி?”