தங்கம் தியேட்டருக்குப் பின்னாடி ஒரு சந்து

சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் என்று இவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "எங்கிட்டு வழியாப் போற?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "அங்கிட்டு ஏன்யா போற, சாகவா?" என்றபடி டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நிற்பார். டீ ஆறும். நமக்கும் நேரம் ஆகும்.

மதுரையில் இவர் செல்லூரிலும் இருக்கிறார், ஜெய்ஹிந்துபுரத்திலும் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். சொந்த உபயோகத்துக்கு மொபெட். சைக்கிளை விட்டுப் பல காலம் ஆகியும் சைக்கிளுக்கு வழி சொல்வதை மட்டும் விடாதவர். எங்கள் டீக்கடைக்கு வாய்த்தவரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறோம். அங்கே வருகிற யாருக்கும் அவர் பெரியப்பா கிடையாது.

என் வழியில் ரகசியம் ஒன்றுமில்லை. வீடு நரிமேடு, வேலை மேலமாசி வீதிப் பக்கம், நடுவில் வைகை. கோரிப்பாளையத்தைத் தாண்டி, ஏ.வி. பாலத்தில் ஏறி, யானைக்கல்லில் இறங்கி, சிம்மக்கல் வழியாகப் போக வேண்டியதுதான். அந்தப் பாலம் திறந்தது 1889-ல். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1885-ல். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் சைக்கிள் பாலத்தின்மேல் போகப் பெரியப்பா இப்போது அனுமதிப்பதில்லை. "கோரிப்பாளையத்துல சைக்கிள்காரன் போவானாய்யா? ஷேர் ஆட்டோக்காரன் எப்ப ஒடிப்பான்னு அவனுக்கே தெரியாது." அதற்கென்ன, பக்கத்திலேயே பெரியாஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருடைய வழி ஆரம்பிக்கும். அது முழுக்க முழுக்கத் தியேட்டர்களால் ஆனது.

"நேரா வந்தேன்னா தங்கம் தியேட்டர். அதுக்குப் பின்னாடி ஒரு சந்து. சந்துக்குள்ள போயி சோத்தாங்கைப் பக்கம் ஒடி." தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தது. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. "அங்கருந்து சிந்தாமணி வந்துரு." 1937-ல் வந்த 'சிந்தாமணி' படம் கொட்டிய லாபத்தில் எழும்பிய தியேட்டர் அது. அதுவும் ஜவுளிக்கடை ஆகிவிட்டது. "அப்புறம் ரீகலு." பகலில் வாசகசாலை, இரவில் ஆங்கிலப் படம் என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்த கட்டடம். இப்படியே இருட்டுக்குள் டார்ச் அடித்து சீட் காட்டுகிறவரைப் போல என்னை ஒவ்வொரு தியேட்டராகக் கூட்டிக்கொண்டு போவார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஜவுளிக்கடைன்னே சொல்லுங்களேன் பெரியப்பா" என்றேன்.

"எந்த ஜவுளிக்கடைன்னு கண்டுபிடிப்ப? ஊரே ஜவுளிக்கடைதான!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேறு கேள்விகள் இருந்தன. அவர் எனக்கு எதிரே நின்றுகொண்டு கையை ஆட்டுவதால் அவருடைய சோத்தாங்கை எனக்குப் பீச்சாங்கை. இரண்டாவது, எந்த வழியையும் அவர் தன் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவார். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு எப்படிப் பத்திரமாக வருவது என்பது அவர் கவலையே இல்லை. மூன்றாவது, நான் போக வேண்டியது ஊரின் மேற்கே, சிந்தாமணி இருந்ததோ கிழக்கே கீழவாசல் பக்கம். இதைச் சொன்னால், "சுத்துனாத்தான்யா சேஃப்டி. மதுரையில சுத்தாம எவன் எங்க போயிருக்கான்?" என்பார்.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றியே வீதி போட்ட ஊர். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதும் புதுத் தெருக்களுக்கு அந்தச் சுற்றையே பின்பற்றினார்கள். அப்படி வந்த தெருக்களில் சில, வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரி பேரிலும் அளவெடுத்த மாரட் பேரிலும் இருக்கின்றன. பெரியப்பா பேசுவதைக் கேட்டால், பிளாக்பர்ன் கோட்டையை இடித்ததே நான் பஸ்ஸில் அடிபடாமல் வேலைக்குப் போவதற்குத்தான் என்று தோன்றும்.

அவர் பேச்சைக் கேட்டுச் சந்துகளில் போய்ப் பார்த்தேன். எல்லாச் சந்திலும் இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. நடுவில் மிஞ்சுகிற இடத்தில் சரக்கு இறக்கும் வண்டி நிற்கிறது. சந்து இருக்கிறது, வழி இல்லை.

அடுத்து அவர் சொன்னது யானைக்கல் தரைப்பாலம். இது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே ஏ.வி. பாலத்தில் ஹாரன் அலற, கீழே ஆற்றோடு ஒட்டிப் போய்விடலாம். மதுரைக்காரனுக்கு வைகை என்றால் மணலும் ஆகாயத்தாமரையும்தானே என்று நம்பி அந்தப் பக்கம் பழகிக்கொண்டேன். வைகை அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தரைப்பாலத்தைத் தடுப்புப் போட்டு மூடிவிட்டார்கள். பெரியப்பா தரைப்பாலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு கரையும் தொட்டு ஓடுது பாத்தியா!"

ஸ்மார்ட் சிட்டி என்று வைகையின் இரு கரையிலும் சாலை போட்டார்களே, அதுவும் அவர் சொன்னதுதான். சிக்னல் இல்லாத வழி. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சிக்னல் இல்லாத வழி காருக்கும் பிடித்துவிடுகிறது. இந்த ஊரில் சைக்கிள்காரன் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தால் அடுத்த மாதமே கார்க்காரன் அதைக் கண்டுபிடிக்கிறான். தல்லாகுளத்திலிருந்து நத்தம் சாலைக்கு மேலே 7.3 கிலோமீட்டருக்கு ஒரு பாலத்தைத் தூக்கி நிறுத்தி 2023-ல் திறந்தாயிற்று. நான் தினமும் போகிற வழியிலோ, சைக்கிளுக்கென்று ஓரமாக ஒரு வெள்ளைக்கோடு இழுக்கப் பெயிண்ட் கிடைக்கவில்லை. நான் கிடக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளைப் பாருங்கள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் என்று ஆக்கி, அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த சைக்கிளை எங்கே ஓட்டுவது? சாயங்காலம் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் இடையே ஹேண்டில்பாரை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை டீக்கடையில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெரியப்பா வழக்கம்போல் எழுந்திருக்கவில்லை. அவர் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. "ஷிஃப்ட் சங்கு ஊதுனா ரோடு பூராம் சைக்கிள்தான் தம்பி. பஸ்காரன் ஓரங்கட்டிட்டு பீடி பத்தவச்சிருவான். நாங்க போயி முடிச்சாத்தான் அவன் வண்டிய எடுக்கணும்." சொல்லும்போது முகத்தில் ஒரு களை வந்திருந்தது. முன்னும் பின்னும் பக்கத்திலும் ஆள் மிதித்துக்கொண்டிருந்தால் எந்த பஸ் இடிக்கப்போகிறது?

"அப்ப மெயின் ரோட்டுலயேதான் போயிருக்கீங்க?"

"பின்ன?"

"அந்தச் சந்தெல்லாம்?"

"அது வீட்டுக்குத் தெரியாம படத்துக்குப் போறதுக்குய்யா" என்றார், கூச்சமே இல்லாமல்.

அவ்வளவு காலமும் நான் போய்ப் பார்த்த பாதுகாப்பான வழிகள், ஒரு மனிதர் பெண்டாட்டி கண்ணில் படாமல் செகண்ட் ஷோ போன வழிகள். அவர் மட்டில் அவை பாதுகாப்பானவைதான்.

அத்தோடு தியேட்டர் பேச்சை விட்டுவிட்டார். வழி சொல்வதை விடவில்லை. இப்போது அவர் சொல்வது ஏ.வி. பாலத்து வழியேதான், நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். "காலையில நாலரைக்குக் கெளம்பிரு. பூ ஏத்துற வண்டியும் பால் வண்டியும்தான் போகும். சல்லுனு போயிரலாம்."

"ஆபீஸ் பத்து மணிக்குப் பெரியப்பா."

"அங்க போயித் தூங்கு. இப்ப மட்டும் என்ன பண்ற?"