விலைபோகாத பாட்டில்

ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்ற சாமியார் என்று யாராவது சொன்னால், அவரிடம் விளம்பரக்காரர்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். 1668ல் பிரான்சின் ஓவிலே மடத்துக்கு உக்கிராணப் பொறுப்பாளராக வந்த அந்த மனிதர், ஒயினில் குமிழி வரக்கூடாது என்றுதான் மல்லுக்கட்டினார். குளிரில் தூங்கிப்போன ஈஸ்ட் வசந்தத்தில் விழித்துக்கொண்டு மறுபடி வேலையில் இறங்கும், ஒயின் பொங்கும். அவர் கணக்கில் அது கெட்டுப்போன சரக்கு. நட்சத்திரத்தைக் குடித்துவிட்டதாக அவர் கூவினார் என்கிற கதை, அவர் செத்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனபிறகு விளம்பரத்தில் முளைத்தது. 1936ல் அவர் பெயரையே ஒரு பாட்டிலில் ஒட்டியும் விட்டார்கள். குமிழியை விரட்டியவருக்குக் குமிழியாலேயே சிலை!

அவர் மடத்துக்கு வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, 1662ல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேய டாக்டர் லண்டன் ராயல் சொசைட்டியில் விஷயத்தைப் போட்டு உடைத்திருந்தார். லண்டன் வியாபாரிகள் கண்ட ஒயினிலும் சர்க்கரையும் வெல்லப்பாகும் போட்டுப் பொங்கவைக்கிறார்கள் என்று. நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலப் பாட்டில் தடிமனானது, அந்த அமுக்கத்தைத் தாங்கியது. இந்தச் சேதியை ஷாம்பெயின் நாட்டில் சத்தமாகச் சொல்வது உடம்புக்கு நல்லதல்ல.

பதினான்காம் லூயிக்கோ குமிழியில்லாத பழைய ஷாம்பெயின் ஒயின்தான் பழக்கம். 1693ல் தலைமை வைத்தியராக வந்த ஃபகோன், கீல்வாதத்தில் முனகிய ராஜாவை பர்கண்டி ஒயினுக்கு மாற்றிவிட்டார். ஷாம்பெயின் நாட்டு ரேம்ஸ் நகர வைத்தியர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த ஊர்ச் சாராயம் உடம்புக்கு உசத்தி என்று இரண்டு கட்சியும் பல பத்தாண்டுகள் ஆய்வுரை எழுதித் தள்ளின. ராஜாவின் கால்வலி அதில் எங்கோ காணாமல் போயிற்று.

அப்புறம் குமிழிக்கே மவுசு வந்தபோது பாட்டில் தாங்கவில்லை. நிலவறையில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும், தீபாவளிச் சரவெடிதான். வேலையாட்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சில வருஷம் பாதிச் சரக்கு தரையோடு போயிற்று. மிஞ்சிய பாட்டிலில் ஈஸ்டின் மண்டி கலங்கிக் கிடந்தது. 1805ல் 27 வயதில் விதவையான பார்ப்-நிகோல் க்ளிக்கோ, சமையலறை மேசையில் ஓட்டை போட்டு, பாட்டில்களைத் தலைகீழாகச் செருகித் திருப்பித் திருப்பி மண்டியைக் கழுத்துக்கு இறக்கினார் என்பது கதை. 1814ல் ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த கையோடு 10,000க்கு மேற்பட்ட பாட்டில்களை ஓசைப்படாமல் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பியது மட்டும் கதையல்ல. போட்டிக் கம்பெனிக்காரர்கள் கண்விழிப்பதற்குள் அம்மா கல்லாவைப் பூட்டிவிட்டார்.

இதுவரை சாமியார், டாக்டர், ராஜா, விதவை எல்லோரும் வந்தாயிற்று. திராட்சை போட்டவன் எங்கே? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அவனுக்கும் பொருந்தும், வரலாற்றில் அந்த உழக்கு இடம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி வைத்ததுதான் விலை. 1910ல் மழையும் பூஞ்சையும் சேர்ந்து விளைச்சலை வழித்துக்கொண்டு போயின. கம்பெனிகள் அசரவில்லை, வெளிமாவட்ட ஒயினை ரயிலில் இறக்கி ஷாம்பெயின் என்று பெயர் சூட்டின. 1911 ஜனவரியில் தாமெரி கிராமத்து விவசாயிகள் அந்தப் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். மீன்கள் அந்த வாரம் நேராக நீந்தியிருக்காது.

ஷாம்பெயின் என்று சொல்ல எந்த ஊருக்கு உரிமை என்று அரசாங்கம் எல்லைக்கோடு போட்டது இன்னும் தமாஷ். 1908ல் போட்ட கோட்டில் ஓப் மாவட்டம் வெளியே போயிற்று. ஷாம்பெயின் நாட்டின் பழைய தலைநகரமான த்ருவா இருப்பது அந்த மாவட்டத்தில்தான்! ஓப்காரர்கள் கொடி பிடித்தார்கள். சரி, கோட்டை அழித்துவிடலாம் என்று பாரிஸ் சாய்ந்ததும், கோட்டுக்குள் இருந்த மார்ன் மாவட்டத்துக்காரர்கள் பற்றி எரிந்தார்கள். 1911 ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் கம்பெனிக் கட்டடங்களுக்குத் தீ, தெருவில் ஒயின், பின்னாலேயே குதிரைப்படை. கடைசியில் ஓப்காரர்களை ‘இரண்டாம் மண்டலம்’ ஆக்கிச் சமாதானம் பேசினார்கள். தாலி கட்டிய பெண்டாட்டியைத் தூரத்து உறவு என்று அறிமுகப்படுத்துகிற சாமர்த்தியம் அது. சரியாக உள்ளே சேர்க்க 1927 ஆயிற்று.

1930களில் உலகமே கடனில். ரஷ்யச் சந்தை புரட்சியோடு போய்விட்டது, அமெரிக்காவில் மதுவிலக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனிகளின் நிலவறை நிரம்பி வழிய, திராட்சையை வாங்க ஆளில்லை. தூக்கியெறிவதற்குப் பதில் நாமே பாட்டிலில் அடைத்தால் என்ன என்று சில குடும்பங்கள் துணிந்தன. க்வீ கிராமத்து ஜிமோனே குடும்பம் 1935ல் இறங்கியது இப்படித்தான். லேபிளில் ‘ஆர்எம்’ என்று பூதக்கண்ணாடிக்கு வேலை வைக்கும் இரண்டு எழுத்து இருந்தால், பயிரிட்டவனே செய்த சரக்கு. 1971ல் 12 குடும்பங்கள் சங்கமே வைத்து, நல்ல வருஷத்துச் சரக்குக்குத் தனி வடிவப் பாட்டில் போட்டன.

ஒரே வருஷத்து விளைச்சலில் செய்து, வருஷத்தை லேபிளில் போட்டால் விண்டேஜ். மூன்று வருஷமாவது நிலவறையில் கிடக்கவேண்டும் என்பது சட்டம். முப்பது நாற்பது வருஷம் கிடப்பதற்குச் சட்டமில்லை. ஏதோ ஒரு தாத்தாவுக்கு விற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்று அதைத் தொலைநோக்கு என்கிறார்கள்.

அப்படிக் கிடந்த பாட்டிலைத் திறப்பது ஒரு வித்தை. தலைகீழாகக் கிடக்கும் பாட்டிலைக் கையிலெடுத்து மெல்ல நிமிர்த்த வேண்டும். உள்ளேயிருக்கும் காற்று கழுத்தை நோக்கி ஏறிவரும். அது மண்டியைத் தொடுகிற சமயம் பார்த்து மூடியைத் தட்டினால் அழுக்கு மட்டும் பீய்ச்சியடித்து வெளியேறும். முந்தினால் நல்ல ஒயின் சுவருக்கு, பிந்தினால் மண்டி மறுபடி உள்ளே. டம்ளரில் ஊற்றினால் பொன்னிறம் பழுத்திருக்கும், வறுத்த பாதாம், காளான், கருகாத ரொட்டி ஓரம் என்று வாசனை வரும். மண்டியைக் கழித்து கார்க் போட்டு வெகுகாலம் வைத்திருந்த பாட்டில் என்றால் குமிழி பெருமளவு கசிந்து போயிருக்கும். சாமியாருக்கு ஆயுசு முழுக்கக் கைகூடாதது, தாத்தாவின் சோம்பலில் தானாக நடந்துவிட்டது.

இப்போது அங்கே ஒரு ஹெக்டேர் தோட்டம் சராசரியாகப் பத்து லட்சம் யூரோவைத் தொடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு நிலம் இன்னமும் விவசாயிகள் கையில், பாட்டில் வியாபாரத்தின் பெரும்பங்கு கம்பெனிகள் கையில். அப்பா கண்ணை மூடினால் மகனுக்கு வாரிசு வரி. அன்று திராட்சையை வேண்டாம் என்றவர்களின் வழிவந்தவர்கள், நிலம் கிடைக்குமா என்று காரில் வந்து இறங்குகிறார்கள். உபசாரத்துக்குக் குறைவில்லை, பேரன் ஒரு பாட்டில் திறக்கிறான். சாதா சரக்குதான். தாத்தாவின் பாட்டில் அவர்களுக்கு எதற்கு?