கழற்றியலும் பூட்டியலும்: நல்லூர் எஞ்சின் மரபு பற்றிய ஓர் ஆராய்ச்சியுரை

பாயிரம்

நூல் செய்யப் புகுந்தவர் எல்லையும் காலமும் கேட்போரும் பயனும் முன்னரே சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கணக்காரர் கட்டளை. ஆறுமுக நாவலர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அதை மீற யாம் துணியோம். எல்லை: வடக்கே திருநெல்வேலி, தெற்கே அரியாலை, இடைப்பட்ட முற்றங்களும் கோடிப்புறங்களும். காலம்: இலக்கத்தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்து நின்ற கார்கள் தொடக்கம், 1957இல் வந்த சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிப் போராடிய காலத்துக் கார்கள் ஈறாக. கேட்போர்: மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர்கள். பயன்: கார் ஓடுதல், ஓடாவிடில், ஏன் ஓடவில்லை என்று பேச ஒரு விஷயம் கிடைத்தல். பின்னையதே பெரும்பயன் என்பாரும் இவ்வூரில் உளர்.

நுதலிய பொருள், பழைய விளையாட்டுக் காரொன்றின் எஞ்சினைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும் ஆகும். இங்கே உடனே ஓர் ஆட்சேபம் எழும். நல்லூரில் விளையாட்டுக் கார் ஏது? கோயில் வீதியில் யாம் கண்டதெல்லாம் மொறிஸ் மைனரும் ‘ஏ போட்டி’ எனப்படும் ஒஸ்ரின் ஏ40உம் அல்லவா? கலியாணத்துக்கு மாப்பிள்ளையையும், ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும், சந்தைக்கு வாழைக்குலையையும் ஏற்றிய கார்களை விளையாட்டு என்பது எங்ஙனம்?

ஆட்சேபத்துக்கு விடை எஞ்சினுக்குள்ளேயே உண்டு. 1951இல் ஒஸ்ரின் ஏ30 என்ற சின்னக் காருக்காக 803 சீசீயில் பிறந்தது ஏ சீரிஸ் எஞ்சின். அடுத்த ஆண்டே அது மொறிஸ் மைனருக்குள் புகுந்தது. 1956இல் 948 சீசீயாக வளர்ந்தது. 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்று ஒரு விளையாட்டுக் கார் வந்தது. தவளைக் கண்போல எழுந்து நிற்கும் விளக்கு, இரண்டு பேருக்கு மட்டும் ஆசனம், கதவில் வெளிப்பக்கம் கைபிடிகூடக் கிடையாது. அதன் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது மைனரின் அதே 948. காபரேற்றர் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றிலும் அதுவே. மைனருக்கு 37 குதிரைவலு, ஸ்பிறைற்றுக்கு 43. ஆகவே உலகம் போற்றும் விளையாட்டுக் காருக்கும், ரியூசனுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் நல்லூர்க் காருக்கும் உள்ள பேதம் ஆறு குதிரை. அந்த ஆறையும் ஓட விடப் பருத்தித்துறை வீதியில் இடமில்லை. ஆட்சேபம் தள்ளப்பட்டது.

காரண இயல்

ஓடுகிற எஞ்சினை எவரும் கழற்றார். (நல்லூரில் கழற்றுவர். அது புறனடையில் வரும்.) ஓடாத எஞ்சின் ஏன் ஓடாதாயிற்று என்பதே இங்கு ஆராயற்பாலது. ஏனைய நாடுகளில் தேய்மானம் காரணம். இங்கே காரணம் மண்ணெண்ணெய்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறியும் தடைப் பட்டியலில் ஏறியது. மண்ணெண்ணெய் மட்டும் அருந்தலாகவேனும் கிடைத்தது. அதில் கார் ஓடியது. ஆனால் எல்லாக் காரும் ஓடவில்லை. மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் ஆகாது. சிலிண்டருக்குள் கூட அமுக்கினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை உள்ளிருந்து தட்டும். பின்னாளில் வந்த யப்பான் கார்களின் அமுக்க விகிதம் ஒன்பதுக்கு ஒன்று அளவில் நிற்பது. ஏ போட்டி சோமர்செற்றிலோ ஏழே சொச்சம். அதுவும் காரணத்தோடுதான். உலகப் போருக்குப் பிறகு 1953 வரை பிரித்தானியாவில் விற்றது ‘பூல்’ என்ற தரங்குறைந்த பெற்றோல். அந்தக் கழுநீரையும் குடித்து ஓடுமாறு வார்த்த எஞ்சின்கள் இவை. பிரித்தானியர் பட்ட பஞ்சத்துக்காகச் செய்தது, நாற்பது ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தார் பட்ட பஞ்சத்துக்குப் பொருந்திவந்தது. புதிய கார்கள் கொட்டிலுக்குள் தூசி பிடிக்க, கிழங்கள் வீதிக்கு வந்தன. நல்லூரில் பழைய கார் நிலைத்தது பழமைப் பற்றினால் என்று எழுதும் சுற்றுலாக் கட்டுரையாளர்கள் அமுக்க விகிதத்தைக் கவனிக்காதவர்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றர் வாயில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். தொல்லை அதற்குப் பிறகு தொடங்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். எஞ்சின் ஒயில் நீர்க்கும். நீர்த்த ஒயில் பெயரிங்கைக் காவாது. வால்வில் கரி பிடிக்கும். தலைமுறைக்கு ஒருமுறை திறக்கவேண்டிய எஞ்சினை இவ்வூரார் அடிக்கடி திறக்க நேர்ந்தது இவ்வாறே. கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் எடுக்க வழியில்லை. காகிதக் கஸ்கற்றுகளைப் பெட்டி மட்டையில் தாமே வெட்டினர்; மட்டையை உலோக விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அச்சு தானே விழும். தலைக் கஸ்கற் மட்டும் மட்டைக்கு இணங்கவில்லை. அதைக் கழற்றும்போது பச்சைப் புண்ணில் ஒட்டிய துணியை உரிப்பவர்போல நடுங்கிக்கொண்டே கழற்றி, திரும்பவும் அதையே போட்டனர்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெய்ப் பள்ளியின் ஆசான்கள் தங்கள் காலம் திரும்பிவிட்டதென்று சாரத்தை மடித்துக் கட்டினர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. பள்ளி அன்றோடு மூடப்பட்டது.

கழற்றியல்

இது எளிது. பற்றறி வயரை எடுக்க, தண்ணீரை வடிக்க, பொனற்றையும் ரேடியேற்றரையும் கழற்றி மாமரத்தடியில் சாத்துக, பெற்றோல் குழாய், சோக் கம்பி, டைனமோ வயர், ஸ்ராற்றர் வயர், சைலன்சர் குழாயின் கழுத்துப் பிடி என்று கண்ணிற் படுவதையெல்லாம் பிரிக்க. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மைனரில் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. இந்த ஒரு பேதத்தை மதியாத றேடியோக்கள் புகைந்து மாண்டன.

எளிது என்று சொன்னது ஸ்பானர் இருந்தால். இந்த எஞ்சினின் நட்டுகள் அங்குலக் கணக்கு; அரை அங்குல நட்டே மிகுதி. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். கையிலிருப்பதோ 13. இடைவெளி 0.3 மில்லிமீற்றர்தான், அதற்குள் நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிடும். ஆதலால் அசல் அரை அங்குல ஸ்பானர் வைத்திருப்பவர் அயலில் மதிப்புக்குரியவர். அவர் வீட்டு விசேடங்களுக்குத் தவறாமல் போகவேண்டும்.

கழற்றிய நட்டை எங்கே வைப்பது என்பதில் இரு கட்சி. பேணிவாதிகள் எல்லாவற்றையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போடுவர். சுளகுவாதிகள் கழற்றிய ஒழுங்கிலேயே சுளகில் பரப்புவர். சுளகில் ஒழுங்கு இருக்கும், கோழி வரும்வரை. பேணியில் ஒழுங்கு இராது, நட்டு இருக்கும். யாம் பேணியின் பக்கம்.

தொங்கியல்

எஞ்சின் மட்டும் நூறு கிலோவுக்கு மேல். அதை எதில் தொங்க விடுவது? முருங்கை விலக்கு, காரணம் வேண்டாம். மாவின் கொப்பு நல்லது, ஆனால் காய்க்கிற காலத்தில் வீட்டுக்கார அம்மா விடமாட்டா. வேம்பு உத்தமம்: கொப்பும் தாங்கும், கீழே நிழலும் உண்டு. பனைக்குக் கொப்பே கிடையாது. குடாநாட்டின் அடையாளம் என்று எல்லா மேடையிலும் புகழப்படும் மரம், உயிரோடு நிற்கையில் ஒரு கைவிளக்கைத் தொங்கவிடவும் உதவாது. அதைத் தறித்து மூன்று துலாக்களாக்கி, உச்சியைச் சேர்த்துக் கட்டி முக்காலி நிறுத்தி, செயின் புளொக்கைக் கொழுவினால் அதற்கு மிஞ்சியது எதுவுமில்லை.

இனி இவ்வியலின் தலையாய சர்ச்சை. எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒன்றா, இரண்டா?

துவைதிகள் இரண்டென்பர். அவர்கள் கியர்பொக்ஸைக் காரிலேயே விட்டு, அதன் கீழே ஒரு ஜக்கை முட்டுக் கொடுத்து, இடையிலுள்ள போல்ற்றுகளை நீக்கி எஞ்சினை மட்டும் முன்னே இழுத்து மேலே தூக்குவர். பாரம் குறைவு, கொப்பு தாழ்ந்திருந்தாலும் போதும். அத்துவைதிகள் ஒன்றென்பர். காருக்குள்ளே கால் வைக்கும் இடத்துத் தகட்டைத் திறந்து, கியர்பொக்ஸிலிருந்து பின்னே போகும் அச்சைப் பிரித்து, இரண்டையும் சேர்த்தே தூக்குவர். மூக்கு வானத்தையும் வால் பூமியையும் பார்க்கச் சரிந்து எழும்பும் அந்தத் திருக்கோலத்தைக் காண அயலார் கூடுவர். அப்போது கியர்பொக்ஸின் வாலிலிருந்து ஒயில் கொட்டும். அத்துவைதிகள் முற்றத்தில் புல் முளைப்பதில்லை. மரமும் உயரம் வேண்டும்.

இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த சித்தாந்தி, ஒன்றுமன்று இரண்டுமன்று என்று சொல்லி 1959இல் வந்த மினியைக் காட்டுவார். அதே ஏ சீரிஸ் எஞ்சின் அங்கே குறுக்காகத் திரும்பி நிற்கும்; கியர்பொக்ஸ் எஞ்சினின் சம்புக்குள்ளேயே குடியிருக்கும்; இரண்டுக்கும் ஒரே ஒயில். பொருளால் இரண்டு, கலப்பால் ஒன்று. மெய்கண்ட மரபில் வந்த ஊரில் இதை மறுக்க ஆளில்லை. ஆயினும் மினியின் கிளச்சை மாற்றிப் பார்த்தவர் எவரும் அதைச் சிவானுபவம் என்று சொல்லக் கேட்டிலோம்.

பூட்டியல்

கழற்றும்போது காருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருப்பர். பூட்டும்போது ஊரே நிற்கும். கழற்றுவதற்குக் கை போதும். பூட்டுவதற்கு அபிப்பிராயம் வேண்டும்.

துவைதிக்கு வரும் வினை இங்கேதான். கியர்பொக்ஸிலிருந்து நீளும் முன்னச்சு, கிளச் தகட்டின் பல்லுவைத்த நடுத்துளைக்குள் நுழைந்து, அதற்கப்பால் கிறாங்கின் குதியிலுள்ள புஷ்ஷுக்குள்ளும் போய் அமர வேண்டும். தகடு மையத்திலிருந்து ஒரு நூல் விலகியிருந்தாலும் எஞ்சின் முக்கால்வாசி வந்து நின்றுவிடும். இதற்கென்று செய்த கருவி உண்டு. நல்லூரில் செத்த கியர்பொக்ஸ் ஒன்றின் முன்னச்சே அந்தக் கருவி. அதுவும் இல்லாதவர் பூவரசந்தடியைச் சீவி, இன்சுலேசன் ரேப் சுற்றி அளவாக்கிக்கொள்வர். தகட்டை மையப்படுத்திக் கவரை முறுக்கும்வரைதான் அதன் வேலை.

பிறகு வாய் வேலை. காருக்குக் கீழே ஒருவர் மல்லாந்து கிடப்பார். முன்னால் ஒருவர் எஞ்சினைக் கட்டிப்பிடித்து ஆட்டுவார். ஒருவர் செயின் இழுப்பார். ஒரு பிள்ளை ரோச் லைற் பிடிக்கும். எங்கே பிடித்தாலும் அது பிழையான இடம். “தம்பி, ஒரு நூல் இஞ்சாலை!” என்று கீழிருந்து குரல் வரும். மல்லாந்து கிடப்பவரின் இஞ்சாலை நிற்பவருக்கு அங்காலை. இந்த ஒரு மயக்கத்தால் வீணாகும் நேரம் ஏனைய எல்லாவற்றினும் பெரிது. ஆயினும் இடம், வலம் என்று சொல்ல எவரும் இணங்கார். இடையில் ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா வீடியோவில் வருவார். “எனக்கு வடிவாத் தெரியேல்லை, கமராவைக் கீழ பிடியுங்கோ” என்பார். பிடித்ததும், “உந்த வேம்பு அப்பு வைச்சதெல்லே?” என்பார். வேலை அத்தோடு அரைமணி நேரம் நிற்கும்.

உண்மையான உபாயம் சிறிது. கியரைப் போட்டுவிட்டு, காரின் மூக்கில் ஹாண்டிலைக் கொழுவிக் கிறாங்கை மயிரளவு சுழற்றினால் பல்லோடு பல் கொழுவி எஞ்சின் ‘டக்’கென்று உள்ளே போய்விடும். போனதும் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அதைத் தாம் முதலிலேயே சொன்னதாகச் சொல்வர். இக்குற்றத்துக்கு நன்னூலில் பெயரில்லை. யாம் ‘பின்வந்த முன்மொழி’ என வழங்குவோம்.

எஞ்சியது பிளக் வயர். வெடிப்பு ஒழுங்கு 1, 3, 4, 2. டிஸ்றிபியூற்றர் மூடியில் அது இடஞ்சுழியாக வரும். மாறினால் காபரேற்றர் தும்மும், குனிந்து பார்த்தவரின் புருவம் போகும்.

புறனடை

ஓடுகிற எஞ்சினையும் கழற்றுவர் என்றோம். மண்ணெண்ணெய்க் காலம் போயிற்று. பஞ்சிகாவத்தைச் சாமான் இன்று இரவு பஸ்ஸில் ஏறினால் நாளை விடியப் படலையில் நிற்கும். நோயற்ற எஞ்சினை ஏன் இறக்குகிறார்கள்? “சும்மா ஒருக்கால் பார்ப்பம் எண்டு” என்பதே யாம் கேட்ட ஒரே விடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 வரை தனியார் கார் வராதிருந்த காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியதையும் சிலர் காரணமாகக் காட்டுவர். விலை ஏறியதை விற்காமல் ஏன் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள் என்றால் கோபிப்பர்.

காலவிதி ஒன்றுண்டு. கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமையில் எஞ்சின் இறக்கற்க. கொடி ஏறினால் 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடார். வாடகைச் செயின் புளொக் வந்துசேராது. தூக்க வேண்டிய இளைஞர் 24ஆம் நாள் தேர் வடத்தில் நிற்பர். விதியை மீறி இறக்கியவர், எஞ்சினை முக்காலியிலேயே சாக்கால் மூடி வைக்க. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த உறவினர் சாக்கை நீக்கி, அதனோடு நின்று படம் எடுப்பர், தடுக்கற்க. அவருள் ஒருவர், “இதைக் கியர்பொக்ஸோடையே இறக்கியிருக்கலாமே?” என்பார். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க. மறுமொழி கொடுக்கற்க.