ஜோகுபாளையத்து ஓட்டு வீடுகள்

நான் வளர்ந்த காலத்தில் பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து முழுக்க மங்களூர் ஓட்டு வீடுகள். வாசலில் குட்டித் திண்ணை, உள்ளே ரெட் ஆக்சைடு தரை, பின்கட்டில் அண்டா பதித்த வெந்நீர் அடுப்பு. ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்தாறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரு குழாய். அந்தக் குழாயடியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும். அல்சூர் சோமேசுவரருக்குப் பூப்பல்லக்கு என்றால் வட ஆற்காட்டு உறவு ஜனமெல்லாம் வந்துவிடும். ராத்திரி திண்ணையில்தான் படுக்கை.

1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அல்சூர் பக்கம் தண்டு (கன்டோன்மென்ட்) வளர, சிப்பாய்கள், கொத்தனார்கள், வியாபாரிகள் என்று தமிழர்கள் வந்து குடியேறினார்கள். துரைமார் பங்களாக்களின் கூரான மரத் தொப்பி வைத்த 'மங்கி டாப்' ஜன்னலைப் பற்றிப் புத்தகங்களே உண்டு. உழைத்தவர்கள் குடியிருந்த வீடுகளைப் பற்றி யார் எழுதினார்கள்?

சியோலில் புக்சோனுக்குப் போனபோது இந்தக் கேள்விதான் மனதை அரித்தது. கியோங்போக்குங், சாங்டியோக்குங் என்ற இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே, மேட்டுச் சந்துகளில் நெருக்கமாக ஓட்டு வீடுகள். ஹானோக் என்கிறார்கள். மரத்தூண், நடுவில் முற்றம், குளிருக்குத் தரைக்கு அடியில் சூட்டை ஓட விடும் ஒண்டோல். பக்கத்தில் அரண்மனை இருந்தாலும் இவற்றில் பல ராஜா காலத்தவை அல்ல. 1930களை ஒட்டி, ஜப்பானியர் ஆட்சியில், ஜியோங் செ-க்வோன் என்ற கட்டுமானக்காரர் பெரிய மனைகளைத் துண்டு போட்டு, சாதாரணக் குடும்பங்களுக்கு வரிசையாகக் கட்டி விற்றவை. எங்கள் சந்து வீடுகளைவிட அப்படியொன்றும் மூத்தவை இல்லை.

எங்கள் ஊரைப் போலவே அங்கேயும் ஓட்டு வீடுகளை இடித்தார்கள். ஆனால் 2001இல் சியோல் மாநகராட்சி, ஹானோக்கைப் பதிவு செய்யும் உரிமையாளருக்குப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. வீடுகள் தப்பின. இப்போது கூட்டம் தாங்கவில்லை. குடியிருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று 2025 மார்ச் முதல் முக்கியச் சந்துகளில் மாலை 5 மணிக்கு மேல் காலை 10 மணி வரை சுற்றுலாக்காரர்களுக்குத் தடை. மீறினால் ஒரு லட்சம் வோன் அபராதம்.

ஜோகுபாளையத்தில் தடை போட இன்று என்ன மிச்சம்? பக்கத்தில் இந்திராநகர், 2011இல் அல்சூருக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. 20க்கு 30 அடி சைட்டில் நாலு மாடி, கேட்டில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) போர்டு. இடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு அண்ணன் தம்பிகள் ஓர் ஓட்டு வீட்டை எப்படிப் பாகம் பிரிப்பார்கள்? ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்ற அவர்களுக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. மாடி கட்டினால் வாடகை வருகிறது.

மிஞ்சியிருக்கும் வீடுகளையாவது மாநகராட்சி கணக்கெடுக்கட்டும். சொத்துவரியைக் குறைத்து, மராமத்துக்குப் பணம் கொடுக்கட்டும். வீட்டுக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இடித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் அறை அறையாகப் படம் எடுங்கள், அளவுகளைக் குறித்து வையுங்கள், அங்கே யார் யார் குடியிருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.